வீட்டிலேயே பையனுக்கு வரலாறு சொல்லித்தருகிறீர்கள், நவம்பர் ஆகியும் பல்லவரைத் தாண்டவில்லையா?
விடுபட்டதைத் துரத்த வேண்டாம். மிச்ச மாதங்களை ஐந்து வாரத் துண்டுகளாக வெட்டுங்கள்: நாலு வாரம் பாடம், ஒரு வாரம் சும்மா. திங்கட்கிழமை நேராகச் சோழரில் ஆரம்பியுங்கள்.

பாடநூல் வரிசையை அப்படியே பிடித்துக்கொண்டு போவதால்தான் இழுக்கிறது என்று நினைக்கிறேன். மன்னர் பட்டியலுக்கு முடிவே கிடையாது, பத்து வயதுப் பையனுக்கு அது தேவையும் இல்லை. துண்டுக்கு ஒரு கேள்வி வையுங்கள். சோழருக்கு: ஊரை யார் நடத்தினார்கள்? முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையின் விதிகளே இருக்கின்றன. வயது 35 முதல் 70 வரை, கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் நிலம், சொந்த மனை. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வார்கள். வீட்டில் ஒரு குடமும் துண்டுச்சீட்டும் போதும், நடத்திப் பாருங்கள். "நிலம் இல்லாதவங்க என்ன செய்வாங்க?" என்று அவனே கேட்டால் பாடம் சூடுபிடித்துவிட்டது.

நாலாவது வாரக் கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு அந்தத் துண்டின் கேள்விக்கு வாயால் பதில் சொல்லச் சொல்லுங்கள். திணறினால் சும்மா வாரம் இருக்கவே இருக்கிறது.

பின்னால் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதவைப்பதாக இருந்தால், அந்த வருடத்துக்கு மட்டும் இது ஒத்துவராது. அப்போது அவர்கள் பாடத்திட்டம்தான்.