பாதத்தில் தோல் உரிந்துகொண்டே இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

கால் விரல்களுக்கு நடுவே தோல் வெள்ளையாக ஊறி அரிப்புடன் உரிகிறது என்றால், அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்றான சேற்றுப்புண்ணாகவே இருக்கும். உள்ளங்கால் முழுவதும் மாவு படிந்தாற்போல் வறண்டு மெல்லிய செதில்களாக உதிர்வதும் இதே பூஞ்சையின் இன்னொரு வடிவமாக இருக்கக்கூடும் என்பதால், வெறும் வறட்சி என்று எண்ணி மாதக்கணக்கில் எண்ணெய் மட்டும் தடவிக்கொண்டிருக்க வேண்டாம்.

பூஞ்சைக்கு எதிரான மருந்தான குளோட்ரிமசோல் களிம்பை, கழுவி ஈரம் போகத் துடைத்த பாதத்தில், உரியும் இடத்திலும் அதைச் சுற்றிச் சற்றுத் தள்ளியும் நாளுக்கு இருமுறை பூச வேண்டும். அரிப்பு சில நாள்களில் அடங்கினாலும் தோலில் பூஞ்சை எஞ்சியிருக்கும் என்பதால் 4 வாரம் வரை தொடர்வது அவசியம். பாதியில் நிறுத்துவதால்தான் பலருக்கு இது திரும்பத் திரும்ப வருகிறது. மருந்துக் கடையில் கேட்டவுடன் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைத் தயவுசெய்து தாமாக வாங்கிப் பூசாதீர்கள்: அவை சிவப்பையும் அரிப்பையும் உடனே தணித்துவிட்டு, அடியில் பூஞ்சையைப் பரவவிடுகின்றன.

ஈரக் காலில் காலுறை அணியாதிருப்பதும், ஒரே காலணியைத் தினமும் போடாமல் காயவிடுவதும், உரியும் தோலைப் பிய்க்காதிருப்பதும் மருந்துக்கு இணையாக முக்கியம். அரிப்பின்றிக் குதிகால் மட்டும் தடித்து வெடித்திருந்தால், 10 சதவீத யூரியா கலந்த களிம்பை இரவில் தடவி வரலாம்.

4 வாரத்திலும் குறையாவிட்டாலோ உள்ளங்கைகளிலும் உரிந்தாலோ அது பூஞ்சையல்லாத சொரியாசிஸ் அல்லது எக்சிமா என்ற தோல் நோயாக இருக்கலாம். தோல் மருத்துவரைப் பாருங்கள். நீரிழிவு உள்ளவர்களோ, சிறு வெடிப்பானாலும் சுயமருத்துவம் செய்யாமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும், ஏனெனில் உணர்வு குறைந்த பாதத்தில் புண் ஆழமாவது வலியால் தெரியாது.