போர்க்கப்பலுக்குள் மின்சாரம்

கேள்வி: எங்கள் ஊருக்கு எதிரே கடலில் 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி மூழ்கிய ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அக்காலப் போர்க்கப்பல்களுக்கு நடுக்கடலில் மின்சாரம் எங்கிருந்து கிடைத்தது? குண்டு விழுந்து கம்பி அறுந்தால் கப்பல் முழுவதும் இருண்டுவிடாதா?
– வாசகர் ஒருவர், கல்லடி

பதில்: முதற் கேள்விக்கு விடை எளிது. கப்பலைச் செலுத்தும் கொதிகலன்களின் நீராவியில் ஒரு பகுதியைக் கொண்டே மின்சாரத்தைப் பிறப்பிக்கும் தைனமோக்களையும் சுழற்றினார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரித்தானியப் பெருங்கப்பல்களில் அம்மின்சாரம் பெரும்பாலும் 220 வோல்ற் நேரோட்டமாக, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்னோட்டமாக, இருந்தது. விளக்குகள் மட்டுமன்றி விசிறிகள், வானொலிக் கருவிகள், வெள்ளத்தை இறைக்கும் பம்பிகள் எனப் பலவும் அதனை நம்பியிருந்தன.

உங்கள் இரண்டாவது கேள்வியே அக்காலப் பொறியியலாளரைப் பெரிதும் வாட்டியது. அவர்கள் கப்பலின் இரு பக்கங்களிலும் நீளவாக்கில் தடித்த கேபிள்களை இட்டு, முன்னும் பின்னும் இணைத்து, ஒரு முழு வளையமாக்கி, வெவ்வேறு அறைகளில் நின்ற தைனமோக்கள் யாவும் அவ்வளையத்துக்கே மின்னூட்டுமாறு செய்தார்கள். ஓரிடம் சேதமடைந்தால் அதன் இருபுறத்து ஆளிகளையும் திறந்து அத்துண்டை மட்டும் விலக்கிவிடலாம். ஒரு பாலம் அடைபட்டால் இன்னொரு பாலத்தால் மட்டக்களப்பு நகரின் புளியந்தீவுக்குள் நுழைவதுபோல, மின்சாரம் மறுபக்கத்தால் வந்து சேரும்.

ஆனால், கம்பியைக் காப்பதற்கு எடுத்த அக்கறை, மின்சாரம் பிறக்கும் இடத்தைக் காப்பதில் போதிய அளவு காட்டப்படவில்லை என்பதே என் கருத்து. 1941 நவம்பரில் ஜிப்ரால்ட்டருக்கு அருகே டோர்பிடோவால் தாக்குண்ட ஆர்க் றோயல் கப்பலில் டீசல் மின்பிறப்பாக்கிகள் இருக்கவில்லை. கொதிகலன் அறைக்குள் நீர் புகுந்ததும் நீராவி நின்றது, மின்சாரம் நின்றது, அதனோடு பம்பிகளும் நின்றன. லபோரே என்ற அழிப்புக் கப்பல் அருகணைந்து தன் மின்சாரத்தைக் கொடுத்துதவியும் பெருங்கப்பல் மறுநாட் காலையில் மூழ்கியது.

அடுத்த மாதம், கொழும்பில் தரித்துச் சென்ற பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ் கப்பலுக்கு டிசெம்பர் 10 ஆம் திகதி மலாயாக் கடலில் நேர்ந்ததும் இத்தகையதே. அதில் டீசல் மின்பிறப்பாக்கிகளும் இருந்தன. எனினும், பின்புறத்தைத் தாக்கிய டோர்பிடோவால் உள்ளே நீர் புகுந்து, எட்டுத் தைனமோக்களில் ஐந்து செயலிழந்தன. பின்பகுதிப் பம்பிகள் நின்றன. விமான எதிர்ப்புப் பீரங்கி மேடைகள் பலவற்றைத் திருப்ப முடியவில்லை.

இதனால் பின்வந்த கப்பல்களில் நீராவியை நம்பாத டீசல் மின்பிறப்பாக்கிகளுக்கு முதன்மை கிடைத்தது. அமெரிக்கக் கடற்படை 1930களிலேயே கைக்கொண்ட ஆடலோட்டத்தை, அதாவது திசை மாறிமாறி ஓடும் மின்னோட்டத்தை, பிரித்தானியரும் போருக்குப் பின்னர் படிப்படியாக ஏற்றுக்கொண்டார்கள்.