பழைய கார், வினைல், பெயின்ட்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய கார்களின் உள்பக்கத்தைப் பற்றியவை. ஒரே சிக்கலைப் பலர் எழுதியிருந்ததால் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: 1970-களில் வந்த கார். டேஷ்போர்டை சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டு, வினைலுக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை அடித்தேன். அடித்த நிமிடமே பெயின்ட் அங்கங்கே விலகி, சின்னச் சின்ன வட்டக் குழிகள் விழுந்துவிட்டன. எனக்கு விற்றது போலி ஸ்ப்ரேயா?

பதில்: ஸ்ப்ரே மேல் தவறு இருக்க வாய்ப்பு குறைவு. பெயின்டர்கள் இந்தக் குழிகளை 'ஃபிஷ் ஐ' என்பார்கள். உங்களுக்கு முன்னால் அந்தக் காரை வைத்திருந்தவர் டேஷ்போர்டில் வருடக்கணக்கில் பளபளப்பு திரவம் தடவியிருப்பார். அதிலுள்ள சிலிக்கோன் எண்ணெய் இருக்கும் இடத்தில் பெயின்ட் பரவாது, விலகி ஓடும். சோப்புத் தண்ணீரில் ஒரு துடைப்பு துடைத்தால் அது போகாது.

இந்தத் திரவங்களைப் பற்றி எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. வினைல் என்பது பிவிசி என்ற பிளாஸ்டிக். அது இயல்பிலேயே விறைப்பான பொருள். 1926-இல் அமெரிக்க வேதியியலாளர் வால்டோ செமன் அதை வளையும் பொருளாக மாற்றும் வழியைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற பொருளைச் சேர்த்துத்தான் வினைலை மென்மையாக்குகிறார்கள். வெயிலிலும் சூட்டிலும் அது மெல்ல வெளியேறுகிறது. முன்கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுவென்று படியும் மங்கலில் அதற்கும் பங்குண்டு. வெளியேறியதை மேலே தடவும் எந்தத் திரவமும் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைக்காது. ஆனால் பாட்டிலில் 'ஊட்டம் தருகிறது', 'உயிர் கொடுக்கிறது' என்று அச்சடித்து விற்கிறார்கள். கிடைப்பதெல்லாம் சில நாள் மினுமினுப்பு. அப்புறம் தூசி ஒட்டும். பிறகு யாராவது பெயின்ட் அடிக்க வந்தால் இந்தக் கதிதான். 'தண்ணீர் கலந்தது' என்று போட்டிருந்தால் சிலிக்கோன் இல்லை என்று அர்த்தமில்லை. சிலிக்கோனையே தண்ணீரில் கலக்கிக் கொடுக்க முடியும். தயாரிப்பாளர் வெளியிடும் பாதுகாப்புத் தகவல் தாளைப் புரட்டினாலும் பயன் குறைவு. அதில் 16 பகுதிகள் இருந்தும், மூன்றாம் பகுதியில் ஆபத்தானவை என்று வகைப்படுத்திய பொருள்களை மட்டும் எழுதினால் போதும். சிலிக்கோன் எண்ணெய் பெரும்பாலும் அதில் வராது. சிலிக்கோன் உண்டா, இல்லையா என்று பாட்டிலின் முன்பக்கத்திலேயே அச்சிட வேண்டும். வாங்குபவருக்கு அந்த உரிமைகூட இல்லாதது அநியாயம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: மேலே மேலே அடித்துக் குழியை மூடப் பார்க்காதீர்கள். ஸ்ப்ரே தயாரித்தவர்கள் சொல்லும் கிளீனரால் அந்தப் பெயின்ட்டை எடுத்துவிடுங்கள். பாத்திரம் கழுவும் திரவமும் மென்மையான பிரஷும் கொண்டு, வினைலின் வரிகளுக்குள் இறங்கும்படி தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்ததும் மெழுகையும் எண்ணெயையும் நீக்கும் கிளீனரை ஒரு துணியில் தடவி, அது ஆவியாகும் முன் வேறு சுத்தமான துணியால் துடைத்தெடுங்கள். காயவிட்டால் எண்ணெய் அங்கேயே மறுபடி படியும். துணியை அடிக்கடி மாற்றுங்கள். சாம்பல் நிற ஸ்காட்ச்-பிரைட் தேய்ப்பு நாரால் லேசாகத் தேய்த்துவிட்டு மேலே தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் இன்னும் அழுக்கு இருக்கிறது. ஒரே படலமாகப் பரவினால் அடிக்கலாம்: மூடுபனி போல மெல்லிய கோட்டுகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே காய விட வேண்டும். ஒரே கோட்டில் மூடப் பார்த்தால் வரிகள் அடைந்து, வினைல் பெயின்ட் அடித்த தகரம் மாதிரி தெரியும்.

கேள்வி: சீட் பெல்ட் வெளிறிவிட்டது. அதே ஸ்ப்ரேயை அதற்கும் அடிக்கலாமா?

பதில்: கூடாது. சாயம், பிளீச் எதுவும் வேண்டாம். இழைகள் பலமிழக்கலாம். வெளிறிய பெல்ட்டை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இணையத்தில் படம் பார்த்து 'பீஜ்' நிறத்தில் ஆறு டப்பா வாங்கினேன். நான்கை அடித்து முடித்த பிறகுதான் கதவுக்கும் சீட்டுக்கும் நிறம் சேரவில்லை என்று தெரிந்தது. விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கிறார். புகார் கொடுக்கலாமா?

பதில்: எந்த அடிப்படையில்? அவர் பீஜ் என்றார், பீஜ் அனுப்பினார். உங்கள் காரின் உள்பக்க நிறக் குறியீட்டைப் பார்த்தீர்களா? ஒரே ஒரு டப்பா வாங்கி, மறைவான இடத்தில் அடித்துக் காயவிட்டுப் பார்த்தீர்களா? எதுவும் இல்லை. நான்கு டப்பா தீரும்வரை பக்கத்திலிருந்த சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

வெயில் படாத இடத்தில்தான் அசல் நிறம் இருக்கும்: பின்சீட்டுக்கு அடியில், கதவு பேடின் (கதவின் உட்புற உறை) மடிப்புக்குள். அதை வைத்து நிறம் கலக்கச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு பீஜ், விளக்கொளியில் வேறு வேறாகத் தெரியலாம். இரண்டிலும் பாருங்கள். திறக்காத இரண்டு டப்பாவையாவது திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: டேஷ்போர்டில் நீளமான விரிசல். நல்ல பெயின்ட் அடித்தால் மறையுமா?

பதில்: மறையாது. உள்ளிருக்கும் ஃபோமையும் விரிசலையும் வளையும் ஃபில்லர் வைத்துச் சரிசெய்ய வேண்டும், அல்லது புது வினைல் போர்த்த வேண்டும். பெயின்ட் அதற்குப் பிறகு.

கேள்வி: எந்தப் பாகம் வினைல், எது கெட்டிப் பிளாஸ்டிக் என்று தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பிரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) போதும் என்கிறார் கடைக்காரர்.

பதில்: அப்படி விற்பது அவருக்குச் சுலபம். பாகத்தின் பின்புறம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மெல்லிய சீவல் ஒன்றை எடுத்து, சோப்பு கலந்த தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிப்ரோபிலீன் வகை. அதன்மேல் சாதாரணமாக எதுவும் ஒட்டாது. அதற்கென உள்ள ஒட்டுதல் பிரைமர் கட்டாயம். மூழ்கினால் பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் அல்லது பிவிசி. மென்மையான வினைலுக்கான ஸ்ப்ரே பெரும்பாலும் பிரைமர் இல்லாமலே பிடித்துக்கொள்ளும். அசிட்டோன், லேக்கர் தின்னர் இரண்டையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். ஏபிஎஸ் கரையும், வினைல் உப்பிப்போகும்.

கேள்வி: கதவு பேடுகளுக்குப் பெயின்ட் அடிக்க ஒரு பட்டறையில் முழுப் பணத்தையும் முன்பே வாங்கிக்கொண்டார்கள். இரண்டு மாதத்தில் கை வைக்கும் இடம் உரிகிறது. ஜன்னல் ரப்பரிலும் பெயின்ட் தெறித்திருக்கிறது. கேட்டால், 'நீங்கள் தப்பான கிளீனரால் துடைத்திருக்கிறீர்கள்' என்கிறார்கள். நான் ஈரத்துணியைத் தவிர எதையும் தொடவில்லை.

பதில்: உங்களை நம்புகிறேன். ரப்பரிலேயே பெயின்ட் இருக்கிறது என்றால், மறைப்பு டேப்கூட ஒட்டாமல் அடித்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் அடியிலிருந்த எண்ணெயை எடுத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. நானும் 'புதுப்பித்தது' என்று விற்ற ஒரு ஜோடி கதவு பேடுகளை வாங்கியிருக்கிறேன். கொஞ்ச நாளில் சட்டைக் கையில் நிறம் ஒட்டியது. விற்றவர் சொன்னதும் இதே வசனம்தான்: துடைத்தது உங்கள் தப்பு.

கை படாத ஒரு மூலையில் நல்ல ஒட்டு டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். அங்கேயும் பெயின்ட் டேப்போடு வந்தால், கிளீனர் கதை நிற்காது, பிடிமானமே இல்லை. அதை வீடியோ எடுங்கள், ரப்பரில் தெறித்ததையும் படமெடுங்கள். பிறகு எழுத்தில் கேளுங்கள்: எந்தப் பொருளைக் கொண்டு சுத்தம் செய்தீர்கள், எந்தப் பெயின்ட், எத்தனை கோட்? பதில் வரவில்லை என்றால் அதுவும் உங்கள் பக்கச் சாட்சி. சுரண்டிவிட்டுப் புதிதாக அடித்துத் தர வேண்டும், இல்லையேல் பணம் திரும்ப வேண்டும் என்று ஒரு தேதி குறித்துக் கேளுங்கள். அட்டையில் செலுத்தியிருந்தால் வங்கியிடமும் உடனே முறையிடுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு. 'மேலே இன்னொரு கோட் போட்டுத் தருகிறோம்' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உரியும் பெயின்ட் மேல் அடிப்பதும் சேர்ந்தே உரியும்.

கேள்வி: வீட்டுக்குள்ளேயே அடிக்கலாமா? துணி மாஸ்க் இருக்கிறது.

பதில்: துணி மாஸ்க் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. ஆவியை வடிகட்டும் கேட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வாங்குங்கள், பாகங்களைக் கழற்றி வெளியே வைத்து அடியுங்கள். டப்பாவில் ஐசோசயனேட் (நுரையீரலைப் பாதிக்கும் வேதிப்பொருள்) என்று எழுதியிருந்தால் வாங்கவே வேண்டாம். அது தகுந்த காற்று வசதி உள்ள பட்டறைக்காரரின் வேலை.