லீவில் பாதி, வேலையில் பாதி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சுற்றுலா போன இடத்திலேயே மடிக்கணினியைத் திறந்து அலுவலக வேலையையும் பார்ப்பது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: 16 நாள் பயணம் போகிறோம். நடுவில் 10 வேலை நாட்கள் வருகின்றன. என் கையில் 5 நாள் லீவுதான் இருக்கிறது. பத்து நாளும் அரை நாள் லீவு போட்டு, காலையில் 4 மணி நேரம் வேலை, மதியத்துக்கு மேல் ஊர் சுற்றுவது என்று கணக்குப் போட்டிருக்கிறேன். சரிவருமா?
— கணக்குப் பிரிவில் பணிபுரியும் வாசகி

பதில்: கூட்டல் கழித்தல் சரிதான். நடைமுறையில்தான் உதைக்கும்.

அரை நாள் லீவு உங்களுக்கு மட்டும்தான் அரை நாள். நீங்கள் ஒரு மணிக்குக் கணினியை மூடினாலும் அலுவலகம் மூடுவதில்லை. காலையில் அனுப்பிய கோப்பில் சந்தேகம் கேட்டு இரண்டரை மணிக்குச் செய்தி வரும். அப்போது நீங்கள் படகுக்கான வரிசையில் நிற்பீர்கள். பதில் எழுத உட்கார்ந்தால் அந்த மதியம் போயிற்று. எழுதாமல் விட்டால், மறுநாள் காலை நான்கு மணி நேரத்தில் முதல் ஒரு மணி நேரம் முந்தின நாள் பாக்கியைத் தீர்க்கவே போய்விடும். இப்படி நாளுக்கு நாள் பாக்கி ஏறி, இரண்டாவது வாரத்தில் நீங்கள் பார்ப்பது முழு நாள் வேலையாக இருக்கும். லீவுக் கணக்கில் மட்டும் அரை நாள் கழிந்துகொண்டே வரும்.

படகில் ஏறிய பிறகும் மனசு கோப்பிலேயே நிற்பதற்குக் காரணம் உண்டு. ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் கவனத்தில் ஒரு பங்கு பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். தினமும் பகல் ஒரு மணிக்கு வேலையைப் பாதியில் நிறுத்துவது இந்தத் தொல்லையைத் தினமும் கூப்பிட்டு உட்கார வைப்பதுதான். இன்னொன்று: ஆய்வாளர் யெசிகா டி ப்ளூமும் அவர் குழுவினரும் நீண்ட விடுமுறை போனவர்களைக் கவனித்து 2013-இல் எழுதியதில், உடல்நலமும் மனநலமும் எட்டாம் நாளை ஒட்டி உச்சத்தைத் தொட்டன, வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பழைய நிலைக்கு இறங்கிவிட்டன. எட்டு என்ற எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஓய்வு உடம்பில் ஏற, இடையில் அறுபடாத நாட்கள் வேண்டும் என்பதுதான் விஷயம்.

அதே 16 நாள், அதே 5 நாள் லீவு. இப்படி அடுக்கிப் பாருங்கள்: சனிக்கிழமை போய்ச் சேருங்கள், ஞாயிறு இணையத்தைச் சோதியுங்கள், திங்கள் முதல் வெள்ளி வரை முழு நேர வேலை. வெள்ளி மாலை கணினியைப் பெட்டியில் போட்டு மூடுங்கள். அந்தச் சனியிலிருந்து அடுத்த வார ஞாயிறு வரை ஒட்டுக்கு 9 நாள் உங்களுடையது. உங்கள் திட்டப்படி அலுவலகம் தலைகாட்டாத நாட்கள் மூன்று வார இறுதிகள் மட்டுமே.

லீவை முதலில் வைக்கக் கூடாதா என்றால், கூடாது என்போம். வரப்போகும் வேலை வாரம் கடைசி நாட்களைத் தின்னும். தவிர, ஊர் திரும்பும் அலுப்பும் வேலையும் ஒன்றாக வந்து சேரும். உங்கள் துறையில் மாதக் கணக்கு முடிக்கும் நாட்கள் இருக்கும். அவை லீவு வாரத்தில் விழாதபடி தேதியைப் பிடியுங்கள். பயணம் செய்யும் நாளை வேலை நாளாகக் காட்டவே காட்டாதீர்கள். விமான நிலையத்தில் உட்கார்ந்து சரிபார்த்த பட்டியலை மறுபடி சரிபார்க்க வேண்டிவரும்.

கேள்வி: தங்கும் விடுதியில் இணைய வேகச் சோதனை 50 எம்.பி.பி.எஸ். (வினாடிக்கு 50 மெகாபிட்) காட்டியது. ஆனால் மாலைக் கூட்டங்களில் என் குரல் மட்டும் வெட்டி வெட்டிப் போனது. மற்றவர்கள் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. என்ன கோளாறு?
— மென்பொருள் சோதனையாளர்

பதில்: கேள்வியிலேயே விடை இருக்கிறது. அவர்கள் குரல் உங்களுக்கு வருவது பதிவிறக்கம். உங்கள் குரல் அவர்களுக்குப் போவது பதிவேற்றம். அந்த 50 பதிவிறக்க வேகம். விடுதிகளில் பதிவேற்றம் அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலும் ஆச்சரியமில்லை. அதையும் எல்லா அறைகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

மாலையில் மட்டும் ஏன்? பகலெல்லாம் எடுத்த படங்களையும் வீடியோக்களையும் எல்லோர் கைபேசியும் வைஃபை கிடைத்ததும் தானாகவே மேகச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்கும் நேரம் அது. முதல் சந்தேகம் உங்கள் குடும்பத்தின் கைபேசிகள் மீதே இருக்கட்டும். கூட்டம் முடியும் வரை எல்லாவற்றிலும் தானியங்கிப் படச் சேமிப்பை நிறுத்தி வையுங்கள். மடிக்கணினியில் கோப்பு ஒத்திசைவு, இயங்குதளப் புதுப்பிப்பு இரண்டையும் நிறுத்துங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் அளந்து பாருங்கள். குழுக் கூட்டத்துக்கு 720பி வீடியோ தரத்தில் ஏறத்தாழ 2 முதல் 3 எம்.பி.பி.எஸ். பதிவேற்றம் வேண்டும், 1080பி என்றால் 4-ஐ நெருங்கும். குரலுக்கு மட்டும் 0.1 போதும். அதனால் முதலில் கேமராவை அணையுங்கள். வேகம் இருந்தும் குரல் உடைந்தால் தரவுப் பொட்டலங்கள் (இணையத்தில் போகும் தரவின் சிறு துண்டுகள்) வழியில் தொலைகின்றன என்று பொருள். இழப்பு 1 சதவீதத்துக்குள்ளும், தாமதத்தின் ஏற்ற இறக்கம் 30 மில்லிவினாடிக்குள்ளும் இருக்க வேண்டும். அறையின் கோடியில் வைஃபை பலவீனமாக இருந்தாலும் இதே கோளாறு வரும். திசைவி (ரௌட்டர்) இருக்கும் பக்கம் போய் ஒருமுறை பேசிப் பாருங்கள்.

தீவு, மலை உச்சி போன்ற இடங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. இணையம் புவிநிலை செயற்கைக்கோள் வழியாக வந்தால் சமிக்ஞை 35,786 கிலோமீட்டர் ஏறி இறங்க வேண்டும். நீங்கள் கேட்டுப் பதில் வந்து சேர அரை வினாடிக்கு மேலாகும். குரல் பேச்சுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் நல்லது என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டல். அதைத் தாண்டத் தாண்ட ஒருவர் பேச்சில் மற்றவர் மோதுவார். எவ்வளவு வேகம் வாங்கினாலும் இது சரியாகாது. பூமிக்கு அருகில் சுற்றும் தாழ்சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்களில் இந்தத் தொல்லை இல்லை.

அறை பதியும் முன்பே விடுதியிடம் கேளுங்கள்: நான் தங்கப்போகும் அறையிலிருந்து, இரவு 9 மணிக்கு எடுத்த வேகச் சோதனையின் படம் வேண்டும். அனுப்ப மறுத்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். மாற்று வழிக்குக் கைபேசி ஹாட்ஸ்பாட் வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ கூட்டம் தரத்தைப் பொறுத்து மணிக்கு 1 முதல் 2.5 ஜி.பி. வரை விழுங்கும் என்பது நினைவிருக்கட்டும்.

கேள்வி: சுற்றுலா விசாவில் வெளிநாடு போய் மூன்று வாரம் அங்கிருந்தே வேலை செய்ய நினைக்கிறேன். சம்பளம் சொந்த நாட்டில்தானே வருகிறது? அலுவலகத்தில் சொல்லவில்லை. எங்கிருந்து இணைகிறோம் என்பதை மறைக்கும் வி.பி.என். போட்டுக்கொண்டால் போதாதா?

பதில்: போதாது. விசா, வரி, நிறுவனத்தின் அனுமதி என்று மூன்று தனித்தனிக் கதவுகள் இருக்கின்றன. ஒன்று திறந்ததால் மற்றது திறந்ததாகாது.

விசா: சம்பளம் எங்கே வருகிறது என்பதைவிட, வேலை செய்யும்போது நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதைத்தான் பல நாடுகள் பார்க்கின்றன. சில நாடுகள் தளர்த்தியிருக்கின்றன. பிரிட்டன் 2024 ஜனவரி 31 முதல், வருகையின் முதன்மை நோக்கம் அதுவாக இல்லாத வரை, வெளிநாட்டு வேலையைப் பார்வையாளர்கள் தொலைவிலிருந்து செய்ய அனுமதிக்கிறது. நியூசிலாந்து 2025 ஜனவரி 27 முதல் அனுமதிக்கிறது. இதை வைத்து எல்லா நாடும் அப்படித்தான் என்று முடிவுகட்டக் கூடாது. போகும் நாட்டின் குடிவரவுத் துறைத் தளத்தில் பார்வையாளருக்கு எவையெல்லாம் அனுமதி என்ற பக்கத்தைப் படியுங்கள்.

வரி: ‘183 நாள் வரை கவலையில்லை’ என்று எல்லோரும் சொல்வார்கள். பொருளாதார ஒத்துழைப்பு மேம்பாட்டு அமைப்பின் மாதிரி வரி ஒப்பந்தத்தில், 15-ஆம் பிரிவில் வரும் எண் அது. அங்கே அது மூன்று நிபந்தனைகளில் ஒன்றுதான். சம்பளம் தரும் நிறுவனம் அந்த நாட்டைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது. அங்குள்ள அதன் கிளையின் கணக்கில் அந்தச் சம்பளம் ஏறவும் கூடாது. தவிர, இரு நாடுகளுக்கும் இடையே ஒப்பந்தமே இல்லாவிட்டால் இந்தப் பேச்சே எழாது. மூன்று வாரத்தில் பெரும்பாலும் எதுவும் ஆகாது என்பது உண்மை. ஆனால் ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் விற்பனைப் பொறுப்பில் இருந்தால், உங்கள் நிறுவனத்துக்கே அந்த நாட்டில் வரிப் பொறுப்பு வரலாம். அதனால்தான் சட்டப் பிரிவு முகம் சுளிக்கிறது.

வி.பி.என். விஷயம்: அலுவலகக் கணினி உங்கள் கையில் இருந்தாலும் அதன் நிர்வாகம் அலுவலகத்திடம் இருக்கிறது. காலையில் ஓர் இடம், ஒரு மணி நேரத்தில் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இன்னோர் இடம் என்று உள்நுழைவு பதிவானால், பாதுகாப்பு மென்பொருள் அதை நடக்க முடியாத பயணம் என்று குறித்துக் கணக்கைப் பூட்டக்கூடும். வி.பி.என். ஒருமுறை அறுந்து மறுபடி இணைந்தாலே அப்படிப் பதிவாகலாம். பிறகு பூட்டைத் திறக்க உதவி மையத்தைக் கூப்பிட்டு, எங்கிருந்து பேசுகிறீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நாடு, தேதி, தொடப்போகும் தரவு இவற்றை எழுதி முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். ‘முடியாது’ என்று பதில் வந்தால் லீவு போட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: "கூடவே வந்தும் கூட இல்லை" என்று மனைவியும் பிள்ளைகளும் குறைபடுகிறார்கள். நான் வேலை செய்வதே அவர்கள் கூடுதலாக நாலு நாள் தங்கத்தானே?

பதில்: அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் கூட்டத்தில் இருக்கும் நேரமெல்லாம் பிள்ளைகளை உங்கள் மனைவி தனியாகச் சமாளிக்கிறார். வீட்டில் இருக்கும் பள்ளி, நண்பர்கள், அக்கம்பக்கம் எதுவும் அங்கே துணைக்கு இல்லை. ஒற்றை அறையாக இருந்தால் உங்கள் கூட்டத்துக்காக மற்ற எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும். அதற்குப் பெயர் விடுமுறை அல்ல.

கதவு போட்டு மூடக்கூடிய இன்னொரு அறை இல்லாத இடத்தைப் பதியாதீர்கள். வேலை நேரத்தைக் கிளம்பும் முன்பே எழுதிக் காட்டுங்கள், அது முடியும் மணியோடு. "இதோ அஞ்சு நிமிஷம்" என்பதுதான் அதிகம் எரிச்சலூட்டுகிறது. மாலை ஏழு மணி வரை வேலை என்று தெரிந்தால் அவர்கள் தாங்களாகவே திட்டம் போட்டுக்கொள்வார்கள். அஞ்சு நிமிஷத்தை நம்பினால் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்பார்கள்.

கேள்வி: "எங்கிருந்தும் வேலை செய்யலாம்தானே, அப்புறம் எதற்கு லீவு?" என்று மேலாளர் கேட்கிறார். என்ன சொல்வது?

பதில்: இடத்தை மாற்றுவது வேறு, வேலையை நிறுத்துவது வேறு என்று சொல்லுங்கள். இதில் ஊழியர்கள் பக்கமும் பிழை இருக்கிறது. போன முறை லீவில் இருந்தபோது நீங்கள் பதில் போட்ட நாலு மின்னஞ்சல்தான் இந்தக் கேள்விக்கு வித்து. பிரான்ஸில் 2017 ஜனவரியிலிருந்தும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26-இலிருந்தும் வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. சட்டம் இல்லாத இடத்தில் நீங்களே எழுதி வைக்க வேண்டியதுதான்.

லீவு விண்ணப்பத்தில் ‘அவசரத்துக்குக் கிடைப்பேன்’ என்று எழுதாதீர்கள். எது அவசரம் என்று முடிவு செய்வது நீங்களாக இருக்க மாட்டீர்கள். யார் எதைப் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு பக்கக் குறிப்பை இரண்டு நாள் முன்பே கொடுத்து, அந்த இரண்டு நாளில் வரும் சந்தேகங்களைத் தீர்த்துவிடுங்கள். உண்மையான நெருக்கடிக்குத் தொலைபேசி அழைப்பு மட்டும். அழைக்க மனிதர்கள் தயங்குவார்கள். செய்தி அனுப்பத் தயங்க மாட்டார்கள். கைபேசியிலிருந்து அலுவலகச் செயலிகளை நீக்கிவிட்டுப் போவது அறிவிப்பை முடக்கி வைப்பதைவிட நன்றாக வேலை செய்கிறது.

கேள்வி: பத்து நாள் விடுதி மேசையில் வேலை பார்த்ததில் கழுத்துப் பிடித்துக்கொண்டது.

பதில்: மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியிருப்பதால் கைக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்கு ஏற்றினால் தோள் தூக்கும். தனி விசைப்பலகை, சுட்டி இரண்டையும் எடுத்துப் போங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு கிலோகூட வராது. புத்தகங்களோ பெட்டியோ வைத்துத் திரையின் மேல் விளிம்பைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, ஒரு கை நீளம் தள்ளி வையுங்கள். நாற்காலி தாழ்வாக இருந்தால் தலையணை போட்டு உயர்த்துங்கள், கால் தொங்கினால் கீழே பையை வையுங்கள். கட்டில் மேல் உட்கார்ந்து வேலை செய்வதற்கு எங்களிடம் மருந்து இல்லை.

கேள்வி: 8 மணி நேர வித்தியாசம் உள்ள நாட்டில் பகலெல்லாம் சுற்றிவிட்டு மாலை 5 முதல் இரவு 1 வரை வேலை செய்யலாம் அல்லவா?

பதில்: இரண்டு நாள் செய்யலாம். காலை ஏழுக்கு எழுந்து சுற்றினால் வேலை முடியும்போது 18 மணி நேரம் விழித்திருப்பீர்கள். பிழைகள் வருவது கடைசி மூன்று மணியில்தான். வேலை வாரத்தில் பகல் பத்து மணி வரை தூங்கி, நாளுக்கு ஓர் இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மார்ச், அக்டோபர் கடைசி என்றால் இன்னொரு பொறி: ஐரோப்பாவும் அமெரிக்காவும் கடிகாரத்தை வெவ்வேறு வாரங்களில் மாற்றுகின்றன. வழக்கமான கூட்டம் திடீரென்று ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். நாட்காட்டிச் செயலியில் இரண்டு நேர மண்டலங்களையும் காட்டச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் இறங்கியதும் ஓ.டி.பி. வரவில்லை, அலுவலகக் கணக்குக்குள் நுழையவே முடியவில்லை. அடுத்த முறை?

பதில்: குறுஞ்செய்தியை நம்பாமல், கிளம்பும் முன்பே அங்கீகாரச் செயலிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்; அது சிம்மும் இணையமும் இல்லாமலே எண்ணைத் தரும். மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி, கைபேசியும் கணினியும் இல்லாத வேறொரு பையில் வையுங்கள். கூடவே ஒன்று: பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது. 100 வாட்-மணி வரை பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை, 20,000 எம்.ஏ.எச். என்பது 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணி.