ஒன்ராறியோவில தண்ணி, கழிவுநீர் ஒபரேற்றர் லைசென்ஸ்: கேளுங்கோ, சொல்லுறன்

ரொறன்ரோ பக்கம் ஒரு கழிவுநீர் பிளான்ற்ல ஒபரேற்றரா இருக்கிறன், கிளாஸ் 3. கனபேர் தனித்தனியா ஒரே விசயத்தைத்தான் கேக்கிறியள், அதால எல்லாருக்கும் சேர்த்து இங்கயே பதில் போடுறன்.

கேள்வி: அண்ணா, நான் ஸ்காபரோவில வெயார்ஹவுஸ் வேலை, கிரேட் 12 முடிச்சனான். எங்கயிருந்து தொடங்கிறது?

பதில்: முதல்ல ஓஐடி தம்பி, அதான் ஒபரேற்றர் இன் ட்ரெயினிங். கிரேட் 12 காணும், அனுபவம் கேக்க மாட்டினம், சோதினையில 70 வீதம் எடுத்தா மூண்டு வருசத்துக்கு சேர்ட்டிபிக்கேற் தருவினம். அதை வச்சு ஒரு பிளான்ற்ல வேலை எடுத்து, ஒரு வருசம் செய்து, கிளாஸ் 1 சோதினையும் பாஸ் பண்ணினா நீங்கள் முழு ஒபரேற்றர். குடிதண்ணிப் பக்கம் எண்டா என்ட்ரி லெவல் கோர்ஸும் கட்டாயம் செய்யோணும். இதில கஸ்டம் சோதினை இல்லை, அந்த முதல் வேலைதான். ரொறன்ரோ சிற்றியையே பாத்துக்கொண்டு இருக்காமல் சின்ன ஊர்களுக்கும் போடுங்கோ, பிறகு ஓஐடியோட ஜி லைசென்ஸும் (கார் ஓடுற முழு லைசென்ஸ்) கையில இருக்கட்டும், பம்ப் ஸ்டேசன் ஸ்டேசனா ஓடித் திரியிற வேலை இது.

கேள்வி: தண்ணி லைசென்ஸ் எடுத்தா கழிவுநீர்ப் பக்கமும் வேலை செய்யலாமோ?

பதில்: ஏலாது. நாலு லைசென்ஸ் வேற வேற: தண்ணி சுத்திகரிப்பு, தண்ணி விநியோகம், கழிவுநீர் சுத்திகரிப்பு, கழிவுநீர் சேகரிப்பு. ஒவ்வொண்டிலயும் 1இல இருந்து 4 வரைக்கும் கிளாஸ் இருக்கு. கனபேர் ரெண்டு மூண்டு வச்சிருக்கினம்.

கேள்வி: ஊரில வோட்டர் போர்ட்ல 15 வருசம் பம்ப் ஹவுஸ் பாத்தனான். எனக்கு எதுக்கண்ணை திரும்பவும் சோதினை? அனுபவத்துக்கு மரியாதை இல்லையோ?

பதில்: உங்கட கோவம் விளங்குது ஐயா. ஆனா வோக்கர்ட்டன் கதை தெரிஞ்சா நீங்களே ஓம் எண்டுவியள். 2000ஆம் ஆண்டு மே மாசம், ஒன்ராறியோவில ஒரு சின்ன ஊர். பெருமழை பெய்து, மாட்டெரு கலந்த தண்ணி, ஊருக்குக் குடிதண்ணி குடுத்த அஞ்சாம் நம்பர் கிணத்துக்க இறங்கி, ஈ கோலை எண்ட கிருமி பரவி 7 பேர் செத்தவை, 2,300 பேருக்கு மேல வருத்தம். அங்க வேலை செய்தவையும் வருசக்கணக்கா அனுபவம் உள்ள ஆக்கள்தான், சோதினை எழுதாமல் அனுபவத்தைக் காட்டியே சேர்ட்டிபிக்கேற் வாங்கினவை. குளோரின் எவ்வளவு மிச்சம் நிக்குது எண்டு ஒவ்வொரு நாளும் அளக்கோணும், அவை அளக்காமலே ஷீற்ல 0.5, 0.75 எண்டு எழுதி வச்சவை, வருசக்கணக்கா. விசாரிச்ச நீதிபதி ஓ'கொனர், அந்தக் கிணத்தில குளோரினையும் கலங்கலையும் தொடர்ந்து அளக்கிற மொனிற்றர் பூட்டியிருந்தா இது நடந்தே இராது எண்டு சொன்னவர். இப்ப இருக்கிற சட்டம், லைசென்ஸ் இறுக்கம் எல்லாம் அதுக்குப் பிறகு வந்ததுதான். உங்கட 15 வருசம் வீண் போகாது, சோதினை மண்டபத்தில பக்கத்தில இருக்கிற பெடியனை விட உங்களுக்கு அது எவ்வளவோ லேசு. வோட்டர் போர்ட்டில இருந்து என்ன வேலை, எத்தினை வருசம் எண்டு விபரமா ஒரு கடிதம் எடுத்து வையுங்கோ.

கேள்வி: எனக்குக் கணக்கு சரியான பயம். எவ்வளவு வரும்?

பதில்: வரும், ஆனா கூட்டல் பெருக்கல்தான். ஒண்டைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ: லீற்றருக்கு 1 மில்லிகிராம் எண்டுறது 1 மெகாலீற்றருக்கு (பத்து லட்சம் லீற்றருக்கு) 1 கிலோ. பிளான்ற்ல நாளுக்கு 12 மெகாலீற்றர் தண்ணி ஓடுது, லீற்றருக்கு 2.5 மில்லிகிராம் குளோரின் போடோணும் எண்டா 12ஐ 2.5ஆல பெருக்குங்கோ, நாளுக்கு 30 கிலோ. உங்களிட்ட இருக்கிறது நிறைப்படி 12 வீத ஹைப்போ (குளோரின் கரைசல்) எண்டா 30ஐ 0.12ஆல பிரியுங்கோ, 250 கிலோ கரைசல். கனபேர் பிழைவிடுறது அந்தக் கடைசிப் படியில, 30 கிலோவையே விடையா எழுதிப்போட்டு வாறது, நாலு விடையில ஒண்டா அந்த 30உம் அங்க வடிவா இருக்கும், அதுதான் பொறி.

கேள்வி: அக்கா தங்கச்சிமார் செய்யிற வேலையோ இது? மணம், நைட் ஷிப்ட் எல்லாம் எப்பிடி?

பதில்: செய்யினம் தங்கச்சி, என்ர ஷிப்ட்லயே இருக்கினம். 12 மணித்தியால ஷிப்ட், பிளான்ற் 24 மணித்தியாலமும் ஓடும், நத்தாருக்கும் ஓடும், சின்னப் பிள்ளையள் இருந்தா வீட்டில கதைச்சுப்போட்டு வாங்கோ. மணம் பழகிடும். பழகக் கூடாத மணம் ஒண்டு இருக்கு, அது ஹைட்ரஜன் சல்பைட், கூழ்முட்டை மாதிரி. காத்தில 100 பிபிஎம் (பத்து லட்சத்தில 100 பங்கு) அளவுக்கு ஏறினா மூக்கே செத்திடும், மணம் போட்டுது எண்டு நினைச்சுக் கிடங்குக்க இறங்கினா ஆள் திரும்பாது. மூக்கை நம்பாதேங்கோ, இடுப்பில இருக்கிற காஸ் மீற்றரை நம்புங்கோ.

கேள்வி: நான் மொறட்டுவ பல்கலைக்கழகத்தில படிச்ச சிவில் இஞ்சினியர். நேரா கிளாஸ் 4 எழுதலாமோ?

பதில்: இல்லை. டிகிரி மேல ஏறேக்க கை கொடுக்கும், கிளாஸ் 3க்கு ரெண்டு வருசம், 4க்கு நாலு வருசம் மேலதிகப் படிப்புக் கேப்பினம், அது உங்களிட்ட இருக்கு. ஆனா பிளான்ற்ல நிண்ட வருசத்தையும் கேப்பினம், பொறுப்பா நிண்ட காலத்தையும் கேப்பினம். முதல் மாசம் ஒரு லீற்றர் சிலிண்டரில ஏரேசன் தண்ணியை (காத்து ஊதுற தொட்டியில இருக்கிற கழிவுநீரை) ஊத்தி 30 நிமிசம் பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லுவினம், இதுக்கோ நான் படிச்சனான் எண்டு வரும். 250 மில்லியில அடையல் நிண்டு, சேறு லீற்றருக்கு 2,500 மில்லிகிராம் எண்டா எஸ்விஐ (சேறு எவ்வளவு நல்லா அடையுது எண்டு காட்டுற இலக்கம்) 100, நிம்மதியாத் தேத்தண்ணி குடிக்கலாம். 150ஐத் தாண்டி, அடையல் இறங்காமல் மிதக்குது எண்டா அண்டைக்கு நித்திரை இல்லை.

கேள்வி: என்ன புத்தகம் படிக்கிறது?

பதில்: கலிபோர்னியாவில சாக்ரமென்டோ பல்கலைக்கழகம் போடுற ஒபரேற்றர் புத்தகங்களைத்தான் இங்க கனபேர் படிக்கிறவை, நல்லா விளங்கப்படுத்தி இருக்கு. அதில 8.34 எண்டு ஒரு இலக்கம் பக்கத்துக்குப் பக்கம் வரும், அது அமெரிக்கன் கலன், பவுண்ட் கணக்கு. இங்க மெட்ரிக், அதைப் பாடமாக்கி மினக்கெடாதேங்கோ.