மது அருந்தி ஓட்டிய தண்டனைக்குப் பிறகு கார் காப்புறுதி: ஐந்து ஆண்டுக் கணக்கு

தென் லண்டனில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "2025 மார்ச் 11 அன்று நீதிமன்றம் எனக்கு 14 மாதம் வாகனம் ஓட்டத் தடை விதித்தது. மூச்சுப் பரிசோதனையில் 58 மைக்ரோகிராம் காட்டியது, லைசென்ஸில் டி.ஆர்.10 (மது வரம்பைத் தாண்டி ஓட்டிய குற்றத்தின் குறியீடு) என்று பதிவாகியிருக்கிறது. மறுவாழ்வுப் பயிற்சியை முடித்துவிட்டதால் தடை சில மாதங்கள் முன்னதாகவே முடிகிறது. அதிகாலை வேலைக்குக் கார் இல்லாமல் போக முடியாது. ஆனால் ஒப்பீட்டுத் தளங்களில் முன்பு கட்டியதைப் போல மூன்று மடங்கு கேட்கிறார்கள். தண்டனையைச் சொல்லாமல் விட்டுவிடு என்கிறார் ஒரு நண்பர்; மனைவி பெயரில் எடுத்து நீ ஓட்டு என்கிறார் இன்னொருவர். குறைந்த செலவில் காப்புறுதி எடுக்க வழி உண்டா?"

வழி உண்டு, ஆனால் நண்பர்கள் சொன்ன இரண்டும் அந்த வழி அல்ல. இரண்டாவது யோசனை முதலாவதைவிட மோசமானது, ஏனென்றால் அது எந்தத் தவறும் செய்யாத உங்கள் மனைவியையும் மோசடிக்குள் இழுத்துவிடும்.

முதலில் காலக்கணக்கைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், ஏனெனில் பலர் தேவைக்கு அதிகமான ஆண்டுகள் கூடுதல் பணம் கட்டுவது இதில் ஏற்படும் குழப்பத்தால்தான். டி.ஆர்.10 பதிவு, தண்டனை வழங்கப்பட்ட நாளிலிருந்து 11 ஆண்டுகள் லைசென்ஸ் பதிவேட்டில் இருக்கும். பத்து ஆண்டுகளுக்குள் இதே குற்றத்தில் மறுபடியும் சிக்கினால் குறைந்தபட்சத் தடை மூன்று ஆண்டுகளாக உயரும் என்பதால் அந்தப் பதிவு நீதிமன்றத்துக்குத் தேவைப்படுகிறது. காப்புறுதி நிறுவனத்துக்கு உரிய கணக்கு வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 1974ஆம் ஆண்டின் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டப்படி, வயதுவந்த ஒருவரின் இத்தகைய லைசென்ஸ் பதிவு ஐந்து ஆண்டுகளில் 'காலாவதியான' தண்டனை ஆகிவிடுகிறது. அதன் பிறகு நிறுவனம் கேட்டாலும் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. அதைக் காரணம் காட்டி அவர்கள் பிரீமியத்தை உயர்த்தவும் கூடாது. இந்த ஐந்து ஆண்டுகள் தடை முடியும் நாளிலிருந்து அல்ல, தண்டனை விதிக்கப்பட்ட நாளிலிருந்தே ஓடத் தொடங்குகின்றன. எனவே உங்கள் கெடு 2030 மார்ச் 11. அதில் ஏறத்தாழ ஓராண்டு நீங்கள் கார் ஓட்டாமலே கழிந்துவிட்டது.

அதுவரை, கேட்கப்படும்போது மறைக்கக் கூடாது. லைசென்ஸ் எண்ணைக் கொடுத்தவுடன், லைசென்ஸ் வழங்கும் அரசு முகமையான டி.வி.எல்.ஏ.வின் பதிவேட்டிலிருந்து தண்டனை விவரங்களை நேரடியாகப் பார்க்கும் வசதி இன்று பெரும்பாலான நிறுவனங்களிடம் உள்ளது. அப்படிச் சிக்காவிட்டாலும், விபத்து நேரும் நாளில் கோப்பைத் திறந்து பார்ப்பார்கள். நுகர்வோர் காப்புறுதி தொடர்பான 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கேள்விக்கு வேண்டுமென்றே பொய் சொன்னவரின் ஒப்பந்தத்தை நிறுவனம் செல்லாததாக்கலாம், இழப்பீட்டை மறுக்கலாம், கட்டிய பிரீமியத்தையும் தானே வைத்துக்கொள்ளலாம். எதிரில் வந்தவருக்கு நேர்ந்த சேதத்தைச் சட்டப்படி அவர்கள் கொடுத்தாலும், அந்தத் தொகையை உங்களிடம் திரும்பக் கேட்டு வரக்கூடும். ஒருமுறை பாலிசி ரத்தாகிவிட்டால், இனி ஒவ்வொரு விண்ணப்பத்திலும் 'உங்கள் காப்புறுதி எப்போதாவது ரத்துச் செய்யப்பட்டதா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்றே எழுத வேண்டியிருக்கும். டி.ஆர்.10 பதிவுக்காவது ஐந்து ஆண்டுக் கெடு உண்டு. இந்தக் கேள்வி பல படிவங்களில் கால வரம்பே இல்லாமல் கேட்கப்படுகிறது.

மனைவியின் பெயரைச் சேர்ப்பதே தவறு என்று இதைப் புரிந்துகொள்ளாதீர்கள். காரை முதன்மையாக ஓட்டுபவர் நீங்கள் என்று எழுதி, சுத்தமான பதிவு உள்ள மனைவியைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்த்தால், பல நேரங்களில் விலை இறங்கும். அது முழுக்க நேர்மையான வழி. தினமும் வேலைக்கு ஓட்டிச் செல்வது நீங்களாக இருக்க, முதன்மை ஓட்டுநர் அவர் என்று எழுதுவதுதான் மோசடி.

காப்புறுதி தேடும் முன் லைசென்ஸ் உண்மையிலேயே கைக்கு வருகிறதா என்று பாருங்கள். தடை 56 நாள் அல்லது அதற்கு மேல் என்றால் பழைய லைசென்ஸ் தானாக உயிர்பெறாது; புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். தடை முடிவதற்கு 56 நாள் முன்பு டி.வி.எல்.ஏ. அதற்கான டி27 விண்ணப்பப் படிவத்தை அனுப்பும். மூச்சில் 87.5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தவர்களும், மாதிரி கொடுக்க மறுத்தவர்களும் அதிக ஆபத்துப் பிரிவில் வருவதால், மருத்துவப் பரிசோதனையில் தேறிய பிறகே ஓட்ட முடியும். 58 என்ற உங்கள் அளவு சட்ட வரம்பான 35ஐத் தாண்டியதுதான் என்றாலும், அந்தப் பிரிவுக்குள் வராது. இத்தனை மாதமும் வீட்டு முன்றலில் நின்ற காரைச் சாலையில் இறங்காத வாகனம் என்று, அதாவது 'சோர்ன்' என்று, அறிவித்திருந்தால், சாலை வரி கட்டிய பிறகுதான் அதை எடுக்கலாம்.

இனி விலைக்கு வருவோம். ஒப்பீட்டுத் தளங்கள் மலிவானவர்களை வரிசைப்படுத்தும், ஆனால் டி.ஆர்.10 என்று பதிந்தவுடன் வழக்கமான நிறுவனங்களில் பல விலகிக்கொள்கின்றன. மீதமுள்ளவை இந்த வாடிக்கையாளர் வேண்டாம் என்பதற்காகவே ஒரு பெரிய தொகையைச் சொல்வதும் உண்டு. தண்டனை பெற்ற ஓட்டுநர்களுக்கென்றே பாலிசி ஏற்பாடு செய்யும் தரகர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அந்தத் தளங்களில் தோன்றுவதே இல்லை. பிரிட்டிஷ் காப்புறுதித் தரகர் சங்கமான பைபா, தொலைபேசியில் அழைத்தால் பொருத்தமான தரகரைக் காட்டித்தரும். தண்டனைப் பதிவு உள்ளவர்களுக்காக இயங்கும் அன்லாக் என்ற தொண்டு அமைப்பும் இதில் வழிகாட்டுகிறது. குறைந்தது மூன்று தரகர்களிடமாவது பேசுங்கள், அதுவும் காப்புறுதி தேவைப்படும் நாளுக்குச் சுமார் மூன்று வாரம் முன்பே. நாளைக் காலைக்கு வேண்டும் என்று கேட்பவரிடம் விலை ஏறும்.

அழைக்கும்போது மேசையில் இவை இருக்கட்டும்: டி.ஆர்.10 என்ற குறியீடு, 2025 மார்ச் 11 என்ற தண்டனைத் தேதி (பிடிபட்ட தேதி அல்ல, பலர் இங்கேதான் தவறுகிறார்கள்), 58 என்ற அளவு, 14 மாதத் தடை, பயிற்சியை முடித்த சான்றிதழ். 'இது எனக்கு முதல் முறை, பயிற்சியையும் முடித்திருக்கிறேன்' என்று நீங்களாகவே சொல்லுங்கள், ஏனென்றால் அதைக் கணக்கில் எடுக்கும் நிறுவனங்களும் உண்டு.

உங்கள் கையில் உள்ளவற்றில் அதிகம் பலன் தருவது காரே என்பது என் கருத்து. இயந்திரத் திறன் குறைந்த, பழுதுபார்க்கச் செலவாகாத சிறிய கார் ஒன்றுக்கு மாறினால், மற்றச் சலுகைகளையெல்லாம் கூட்டினாலும் கிடைக்காத குறைவு கிடைக்கலாம். ஓட்டும் முறையைப் பதிவுசெய்யும் கறுப்புப் பெட்டியை ஏற்றுக்கொள்வதும் உதவும், ஆனால் சில பாலிசிகள் இரவு நேர ஓட்டத்துக்கு மதிப்பெண் குறைப்பதால், அதிகாலை மூன்று, நான்கு மணிக்குப் புறப்படுபவர் அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி (உங்கள் காருக்கு அல்ல, அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கானது) மட்டும் எடுத்தால் மலிவு என்ற பழைய நம்பிக்கையைச் சோதிக்காமல் ஏற்காதீர்கள். முழுக் காப்புறுதியே குறைவாக வருவது இங்கு சாதாரணம். மாதத் தவணை என்பது வட்டிக்கு வாங்கும் கடன் என்பதால், முடிந்தால் ஆண்டுத் தொகையை மொத்தமாகக் கட்டுங்கள். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காக முன்பு சேர்த்த 'நோ கிளெய்ம்ஸ்' சலுகையைப் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் பயன்படுத்த வேண்டும். உங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது, பழைய நிறுவனத்திடம் சான்று வாங்கி வையுங்கள். வேலைக்குச் சென்றுவர ஓட்டுவதாக இருந்தால் அந்தப் பயன்பாட்டைப் பாலிசியில் எழுதியே ஆக வேண்டும். நடுவில் உணவு விநியோகம் செய்ய ஆரம்பித்தால் அதற்கு வேறு வகைக் காப்புறுதி தேவை.

இணையத்திலோ, தெரிந்தவர் மூலமாகவோ பாதி விலைக்கு முடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் ஒதுங்குங்கள். போலித் தரகர்கள் உங்கள் விவரங்களை மாற்றி எழுதி உண்மையான பாலிசி எடுத்துத் தருவார்கள், அல்லது வெறும் காகிதத்தைத் தந்துவிட்டு மறைந்துவிடுவார்கள். தரகர்களுக்கு அனுமதி வழங்கும் நிதி நடத்தை ஆணையத்தின் (எஃப்.சி.ஏ.) பதிவேட்டில் தரகரின் பெயர் இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன்பே பாருங்கள். காப்புறுதியின்றிப் பிடிபட்டால், தவறு தரகருடையதாக இருந்தாலும், கார் பறிமுதலாகலாம். உங்கள் லைசென்ஸில் குறைந்தது ஆறு புள்ளிகளும் ஏறும்.

2030 மார்ச் வந்ததும் ஒரு வேலை மீதமிருக்கும். புதுப்பிக்கும் கடிதத்தில் நிறுவனம் பழைய விவரங்களையே அச்சிட்டு அனுப்பும். காலாவதியான தண்டனையைத் தாங்களாகத் தேடி நீக்கமாட்டார்கள். அந்தப் புதுப்பிப்புக்கு முன் அழைத்து டி.ஆர்.10 பதிவை விவரத்திலிருந்து எடுக்கச் சொல்லி, புதிய விலையைக் கேளுங்கள்.