அம்மா திருச்சியில் இருந்தால் அமெரிக்கக் கிளியரன்ஸ் கிடைக்காதா?

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை வாங்கி நான்கு வருடமாகிறது. பாதுகாப்புத் துறைக்கு வேலை செய்யும் ஒரு நிறுவனம் என்னை எடுக்கத் தயார், ஆனால் ‘சீக்ரெட்’ கிளியரன்ஸ், அதாவது அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதி, வேண்டும். அம்மா திருச்சியில் தனியாக இருக்கிறார்; மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். மனைவியின் தம்பி இந்திய ராணுவத்தில். கொஞ்ச நாளைக்கு ஊரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டால் நல்லதா?

பதில்: வேண்டவே வேண்டாம். அம்மாவிடம் பேசுவதை நிறுத்தி யாரும் கிளியரன்ஸ் வாங்கியதில்லை.

வெளிநாட்டில் சொந்தம் இருந்தாலே தகுதி போய்விடும் என்று விதி எதுவும் கிடையாது. கிளியரன்ஸ் தரலாமா என்று முடிவெடுக்க 2017 ஜூன் 8 முதல் நடப்பில் இருக்கும் 13 வழிகாட்டு நெறிகளில் இரண்டாவது, வெளிநாட்டுச் செல்வாக்கைப் பற்றியது. அந்தச் சொந்தத்தைப் பிடித்து யாராவது உங்கள் கையை முறுக்க முடியுமா என்பதுதான் அதன் கவலை. இந்தியா நட்பு நாடு என்பது உதவும்; அதோடு பேச்சு முடிந்துவிடாது.

‘எப்போதாவதுதான் பேசுவோம்’ என்பதற்கும் விதியில் ஒரு சலுகை உண்டு. ஆனால் பெற்றோர், உடன்பிறந்தோர் விஷயத்தில் அது அநேகமாக எடுபடாது. நெருங்கிய ரத்த உறவு மேம்போக்கானதல்ல என்ற அனுமானத்தோடுதான் கிளியரன்ஸ் வழக்குகளை விசாரிக்கும் நீதிபதிகள் தொடங்குகிறார்கள். மனைவியின் குடும்பத்தார் மேலும் உங்களுக்குப் பாசம் உண்டு என்றே எடுத்துக்கொள்வார்கள். ‘யாராவது மிரட்டினால் உடனே புகார் செய்வேன்’ என்ற வாக்குறுதிக்கும் பெரிய மதிப்பில்லை. பெயர்களை நீக்கி வெளியிடப்படும் தீர்ப்புகளைப் படித்தால் இது திரும்பத் திரும்ப வரும்.

அதனால் தராசின் அமெரிக்கப் பக்கத்தில் எடையைக் கூட்டுங்கள். இங்கே எத்தனை வருடம், வீடு யார் பெயரில், குழந்தைகள் எங்கே படிக்கிறார்கள், ஓய்வுக்காலச் சேமிப்பு எவ்வளவு? திருச்சி வீட்டில் உங்கள் பங்கு இங்குள்ள சொத்தில் சிறு பகுதிதான் என்றால், அதைக் கணக்கோடு காட்டுங்கள்.

சரி, படிவத்துக்கு வருவோம். கிளியரன்ஸுக்கு நிரப்பும் எஸ்.எஃப்-86-இன் 18-ஆம் பகுதியில் பெற்றோர், உடன்பிறந்தோர், மாமனார், மாமியார் எல்லாரும் வர வேண்டும், காலமானவர்கள் உட்பட. மனைவியின் தம்பி அந்தப் பட்டியலில் இல்லை. அதைப் பார்த்து அவரை விட்டுவிடாதீர்கள். கடந்த ஏழு வருடத்தில் நெருங்கிய தொடர்பு இருந்திருந்தால், வாட்ஸ்அப்பில் பேசியதும் சேர்த்துத்தான், வெளிநாட்டுத் தொடர்புகளைக் கேட்கும் 19-ஆம் பகுதியில் அவர் பெயரும் ராணுவ வேலையும் வரும். அம்மாவுக்கு அனுப்பும் பணமும் திருச்சி வீடும் 20-இல்.

நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் அம்மாவின் பிறந்த தேதி. பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, அம்மாவைக் கேட்டால் ‘சித்திரை மாசம், கோயில் திருவிழா சமயம்’ என்பார். ஆவணத்தில் உள்ளதைப் போட்டு, உறுதியில்லை என்றால் தோராயம் என்று குறியிட்டு, குறிப்புப் பகுதியில் ஒரு வரி எழுதுங்கள். அப்பாவின் பெயர்தான் உங்கள் கடைசிப் பெயர் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். விசாரணை அதிகாரிக்கு நம் இனிஷியல் வழக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

மறந்துபோனதை நேர்காணலில் நீங்களாகவே முந்திச் சொன்னால் பெரும்பாலும் சமாளிக்கலாம். தெரிந்தே மறைத்தால் கிளியரன்ஸ் போவது மட்டுமல்ல, ஐந்து வருடம் வரை சிறைக்கு வழியுள்ள கூட்டாட்சிக் குற்றம் அது.

உங்களுக்கு வந்த கடிதத்தில் ‘பப்ளிக் டிரஸ்ட்’ (பொது நம்பிக்கைப் பணி) என்று இருந்தால் கதை வேறு: அது கிளியரன்ஸே அல்ல, படிவமும் வேறு, எஸ்.எஃப்-85பி. எதற்கும் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.